தெருவுக்கு நாலு ரங்கராஜன்

ஸ்ரீரங்கத்தில் வீடு வாங்கக் கிளம்புகிறவரிடம் பெரியவர்கள் முதலில் கேட்பது, "ஈசி போட்டுப் பாத்தியா?" என்றுதான். ஈசி எனப்படும் வில்லங்கச் சான்று யாரும் விசாரித்துத் தரும் நற்சான்று அல்ல. ஒரு மனையின் பேரில் இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை பதிவான பத்திரங்களின் பட்டியல், அவ்வளவே. பதிவாகாத வில்லங்கம் அதில் வராது.

இந்தப் பட்டியலைத் தரும் காகித இயந்திரம் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. சொத்துப் பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் ஏறும். தேடுவதற்கு இரண்டு அட்டவணைகள்: ஒன்று ஆள் பெயருக்கு, மற்றொன்று சொத்துக்கு. பெயரை நம்பி ஸ்ரீரங்கத்தில் தேடினால் விடிந்துவிடும். தெருவுக்கு நாலு ரங்கராஜன்; அதில் இருவருக்கு ஒரே தலைப்பெழுத்து! ஆகவே இரண்டாம் அட்டவணைதான் உயிர். எழுத்தர் ஆண்டாண்டாகப் புரட்டுவார். கண் அசந்து ஒரு வரி தப்பினால் ஓர் அடமானமே காணாமல் போகும்.

2000-இல் பதிவுத்துறைக்கு 'ஸ்டார்' மென்பொருள் வந்தது. 2018 பிப்ரவரியில் அதன் 2.0, இணையவழியாக. புரட்டும் வேலை நொடியில் முடிகிறது. ஆனால் பழைய எழுத்தருக்குத் தெரிந்தது கணினிக்குத் தெரியாது. நாம் ஸ்ரீரங்கம் என்பது பத்திரத்தில் வெள்ளித்திருமுத்தம் கிராமமாக இருக்கும். ஸ்ரீரங்கம் நகராட்சி என்று எழுதிய இடம் 1994 முதல் திருச்சி மாநகராட்சி. நகர அளவை நடந்த பிறகு பழைய சர்வே எண் போய் வார்டு, பிளாக், டி.எஸ். எண் வந்துவிட்டது. பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் யாராவது முடிச்சுப் போட்டு வைத்திருந்தால்தான் இரண்டும் ஒரே மனை என்று கணினி நம்பும். என்னைக் கேட்டால், நவீனமாக்கலில் பாதி வேலை இந்த முடிச்சுதான். விவரமான ஆவண எழுத்தர்கள் இரண்டு எண்ணிலும் ஈசி போடச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு முடிச்சும் உண்டு. விற்பனையைப் பதிவது ஒரு துறை, பட்டா வைத்திருப்பது வருவாய்த்துறை. முன்பு கிரயம் முடித்தவர் தாலுகா அலுவலகத்துக்குத் தனியே நடந்தார். இப்போது பதிவு விவரம் 'தமிழ்நிலம்' மென்பொருளுக்குப் போகிறது. உட்பிரிவு தேவையில்லாத மனைக்குப் பட்டா தானாகவே பெயர் மாறும். உட்பிரிவு வேண்டுமென்றால் சர்வேயர் நேரில் வந்து அளந்தாக வேண்டும். அவருக்காக வாசலில் காத்திருப்பது மட்டும் பழைய பாணியிலேயே நடக்கிறது.