தம்பி வீட்டு எரிவாயுக் கணக்கு

வீட்டுக் கணக்கு எழுதுவது சிறிய வேலை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். அரிசிக்கு இவ்வளவு, மண்ணெண்ணெய்க்கு இவ்வளவு, பிள்ளைகளின் கொப்பிகளுக்கு இவ்வளவு என்று குறித்து வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்பது அவர்கள் கருத்து. ஆனால், பிறர் எழுதி அனுப்பும் கணக்கை வாசித்து விளங்கிக்கொள்வதும் வீட்டுக் கணக்கின் ஒரு பகுதியே. முப்பது ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணி செய்து இளைப்பாறிய நான், இந்த உண்மையை இலண்டன் மாநகரில் என் தம்பியின் இல்லத்தில், ஒரு மாணவியிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

தம்பி ஹரோ என்னும் பகுதியிற் குடியிருக்கிறான். அங்கு சென்று நாற்பது ஆண்டுகளாகின்றன. பிள்ளைகள் மணமாகி வேறு வேறு ஊர்களுக்குப் போய்விட்டமையால், வீட்டில் அவனும் மச்சாளும் மட்டுமே. மேல்மாடி அறை ஒன்றிலே, பொறியியல் பயில்வதற்காகக் கிளிநொச்சியிலிருந்து வந்த மாணவி ஒருத்தி வாடகைக்கு இருந்தாள். 2024 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் நான் அங்கு போய்ச் சேர்ந்தேன்.

நாம் இங்கே பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டரை வாங்கி வைத்துச் சமைக்கிறோம். அது தீர்ந்ததும் மற்றொன்றை வாங்குகிறோம். எவ்வளவு செலவாயிற்று என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அங்கேயோ வீதிக்கு அடியிற் குழாய் வழியாக எரிவாயு வருகிறது. அடுப்பு மட்டுமன்றி, குளிக்கும் நீரைச் சூடாக்குவதும், அறைகள்தோறும் சுவரோரம் பொருத்தியிருக்கும் இரும்புத் தகடுகளுக்குள் வெந்நீரை ஓடவிட்டு வீட்டை வெதுவெதுப்பாக வைத்திருப்பதும் அதே எரிவாயுவே. அந்நாட்டுக் குளிரில் இது ஆடம்பரம் அன்று. உயிர் காக்கும் தேவை.

கடையை மாற்றுவது போல

எரிவாயுவை விற்கும் நிறுவனத்தை அங்கே விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம் என்றபோது எனக்கு வியப்பாயிருந்தது. முன்பு அப்படியில்லை. அரசுக்குச் சொந்தமாயிருந்த பிரித்தானிய எரிவாயு நிறுவனம் 1986 ஆம் ஆண்டிலே தனியார் உடைமையாக்கப்பட்டது. வீடுகளுக்கு விற்பதிற் போட்டி 1996 இல் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் ஆரம்பித்து, 1998 இல் பிரித்தானியா முழுவதற்கும் பரவியது. இதில் ஒரு நுட்பம் உண்டு. நிறுவனத்தை மாற்றினால் குழாய் மாறுவதில்லை, எரிவாயுவும் மாறுவதில்லை, சுவரோரத்து மானியும் மாறுவதில்லை. கணக்கு எழுதிப் பணம் வாங்கும் கை ஒன்றே மாறுகிறது.

தம்பியும் அவ்வாறே மாறினான். யூனிற்றுக்குச் சில்லறை குறைகிறது என்று அயலவர் ஒருவர் சொன்ன சொல்லை நம்பி, கார்த்திகை முதலாந் திகதியளவில் புதிய நிறுவனம் ஒன்றிற் சேர்ந்தான். அன்று மானி காட்டிய இலக்கத்தைக் குறித்து அவர்களுக்கு அனுப்பியும் வைத்தான்.

வந்தது சீட்டு

2025 மாசி மாதத்திலே முதலாவது கட்டணச் சீட்டு வந்தது. மூன்று மாதத்துக்கு 828 பவுண் 89 பென்ஸ்! முந்திய ஆண்டில் அதே பருவத்துக்கு நானூறு பவுணைக்கூட அது எட்டவில்லை. குறைந்த விலைக்கென்று மாறிய இடத்தில் இருமடங்குக்கு மேல் வந்தால் எவருக்குத்தான் நெஞ்சு பதறாது?

ஓய்வூதியத்தில் வாழ்பவன் என் தம்பி. அன்றிரவே வீட்டை வெப்பமாக்கும் கருவியை நிறுத்திவிட்டான். அவனுக்குத் தொய்வு உண்டு. வீட்டுக்குள்ளேயே கம்பளிச் சட்டையும் கழுத்துத் துணியுமாய் இருந்து இருமினான். மச்சாள் ஒருநாட் சமைத்ததை மூன்று நாளைக்குச் சூடாக்கி வைத்தாள். பணக்கவலை புகுந்த வீட்டில் ஐயமும் பின்னாலே புகுந்துவிடும் அல்லவா?

“மேல்வீட்டுப் பிள்ளை சுடுதண்ணியிலை அரைமணித்தியாலம் குளிக்குது. காசு எப்பிடி நிக்கும்?” என்று தம்பி ஒருநாள் வாய்விட்டுச் சொன்னான். அந்தப் பிள்ளை அப்போது படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாட் காலை, மாத முடிவில் வேறிடம் போவதாக மச்சாளிடம் பணிவாகச் சொல்லிவிட்டாள். படிப்பின் நடுவிலே, அந்தக் குளிரிலே, அவள் எங்கே அறை தேடுவாள்? எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மாலையில் அவளே என்னிடம் வந்தாள். “ரீச்சர், போறதுக்கு முன்னம் ஒருக்கால் அந்தப் பில்லைப் பாக்கலாமோ? என்னாலைதான் கூடினது எண்டால், என்ரை பங்கைக் கட்டிப்போட்டுப் போறன்” என்றாள். நான் சீட்டை எடுத்துக் கொடுத்தேன்.

மாணவியின் கணக்கு

அவள் முதலிற் பார்த்தது பணத்தொகையை அன்று. செலவான சக்தியின் அளவை. சீட்டிலே 12,702 கிலோவாற்று மணித்தியாலம் என்றிருந்தது. அந்நாட்டின் எரிசக்தி ஒழுங்காக்கற் சபையாகிய ‘ஒவ்ஜெம்’, நடுத்தர வீடொன்று ஓராண்டு முழுவதிலும் செலவிடும் எரிவாயுவை அப்போது 11,500 கிலோவாற்று மணித்தியாலம் என்று கணித்து வைத்திருந்தது. இருவரும் ஒரு மாணவியும் வாழும் வீட்டில், ஓராண்டுக்குரிய அளவுக்கு மேல் மூன்றே மாதத்தில் எரிந்ததாகச் சீட்டுச் சொல்லிற்று. “எவ்வளவு நேரம் குளிச்சாலும் இவ்வளவு வராது, ரீச்சர்” என்று மெல்லச் சிரித்தாள்.

பின்பு தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கை விரித்துக் காட்டினாள். மாணவ நேயர்களும் தொடர்ந்து செய்து பார்க்கலாம்.

மானி அளப்பது வாயுவின் கன அளவை. கட்டணமோ அதிலிருந்து கிடைக்கும் சக்திக்கு. ஆகவே ஒன்றை மற்றொன்றாக மாற்றவேண்டும். முதலில், வெப்பநிலையாலும் அமுக்கத்தாலும் வாயு விரிந்து சுருங்குவதற்கு ஈடாக, கன மீற்றர் அளவை 1.02264 ஆற் பெருக்குவர். அடுத்து, அந்த வாயுவின் கலோரிப் பெறுமானத்தாற் பெருக்குவர். அது சீட்டிலேயே 39.5 என்று அச்சிடப்பட்டிருந்தது. ஒரு கன மீற்றர் வாயு எரிந்தால் இத்தனை மெகாயூல் வெப்பம் தரும் என்பது அதன் பொருள். ஒரு கிலோவாற்று மணித்தியாலத்தில் 3.6 மெகாயூல் இருப்பதால், இறுதியில் 3.6 ஆல் வகுப்பர். சுருங்கச் சொன்னால், ஒரு கன மீற்றர் வாயு ஏறக்குறைய 11.2 கிலோவாற்று மணித்தியாலம்.

தம்பியின் மானி தொடக்கத்தில் 7412, முடிவில் 7812. வித்தியாசம் 400. இதை மேற்கண்டவாறு கணித்தால் 4,488 கிலோவாற்று மணித்தியாலம் வருகிறது. சீட்டிலிருந்த 12,702 ஐ இந்த 4,488 ஆல் வகுத்தாள். விடை 2.83.

அந்த எண்ணைக் கண்டதும் அவள் எழுந்துவிட்டாள். நூறு கன அடி என்பது 2.83 கன மீற்றர்! பிரித்தானியாவிற் பழைய மானிகள் நூறு கன அடியை ஒரு யூனிற்றாகக் காட்டுபவை. புதியவை கன மீற்றரைக் காட்டுபவை. மின்சூள் விளக்கைப் பிடித்துக்கொண்டு மூவரும் மாடிப்படிக்குக் கீழே இருந்த மானியைப் போய்ப் பார்த்தோம். அதன் முகத்திலே கன மீற்றரைக் குறிக்கும் எழுத்துத் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தது. கறுப்பு இலக்கங்களும் ஐந்து இருந்தன, முதலாவது பூச்சியம். புதிய நிறுவனமோ அதைக் கன அடி மானி என்று கொண்டு, ஒவ்வொரு யூனிற்றையும் 2.83 ஆற் பெருக்கியிருந்தது.

பிழை நேர்ந்த வழி

அந்த வீட்டில் முன்பு இருந்தது கன அடி மானிதான். சில ஆண்டுகளுக்கு முன் அதை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார்கள் என்று தம்பிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நிறுவனம் மாறியபோது கைமாறிய பதிவிற் பழைய மானியின் விபரமே இருந்திருக்கிறது. தம்பியும், முன்னாலிருந்த பூச்சியத்தை மதிப்பற்றது என்று விட்டு, நான்கு இலக்கத்தை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறான். பழைய மானிகளுக்கு நான்கு இலக்கம், புதியவற்றுக்கு ஐந்து. அந்தப் பூச்சியத்தையும் எழுதியிருந்தால், பார்ப்பவர் கண்ணில் ஐயம் பட்டிருக்கக்கூடும். பூச்சியத்துக்கும் மதிப்புண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

யூனிற்றுக்கு 6 பென்ஸ் வீதம் 4,488 யூனிற்றுக்கு 269 பவுண் 28 பென்ஸ். பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் கட்டவேண்டிய நிலைக்கட்டணம் நாளொன்றுக்கு 30 பென்ஸ் வீதம் 91 நாளைக்கு 27 பவுண் 30 பென்ஸ். இரண்டுக்கும் நூற்றுக்கு ஐந்து வரி. ஆக, கட்டவேண்டியது 311 பவுண் 41 பென்ஸ் மட்டுமே. 517 பவுண் 48 பென்ஸ் வீணாகக் கேட்கப்பட்டிருந்தது.

தொலைபேசியில் முதலிற் பேசியவர் கணக்குச் சரியே என்றார். மாணவியின் சொற்படி, மானியின் முகத்தைத் தொடரிலக்கத்தோடு படம் பிடித்து, கணக்கையும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினோம். பதில் வராமற் போகவே மறுபடியும் எழுதினோம். முறைப்பாடு செய்து எட்டு வாரத்துக்குள் தீராவிட்டால், எரிசக்திக்கென உள்ள குறைகேள் அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடும் உரிமை அந்நாட்டிற் பாவனையாளருக்கு அப்போது இருந்தது. அதையும் இரண்டாவது கடிதத்திற் குறித்திருந்தோம். ஏழாம் வாரத்திற் திருத்திய சீட்டு வந்தது. 311 பவுண் 41 பென்ஸ். மாணவியின் தாளில் இருந்த அதே தொகை.

வேறு காரணங்களும் உண்டு

இலண்டனிலும் பிற நகரங்களிலும் நம்மவர் பலர் வாழ்வதால் மேலும் சில சொல்வது பயன்படும். நிறுவனம் மாறியபின் கட்டணம் கூடுவதற்குக் காரணம் எப்போதும் கன அடியாகவே இராது. மாறிய நாளில் மானியின் இலக்கத்தைப் பாராமல் மதிப்பிட்டு எழுதியிருப்பின், பழைய நிறுவனத்துக்குக் கட்டிய வாயுவுக்கே புதியதற்கும் கட்டநேரும். ஆதலால் அந்நாளின் இலக்கத்தைப் படத்தோடு காப்பாற்றி வைத்தல் வேண்டும். பழைய நிறுவனத்தின் இறுதிச் சீட்டிலும் புதியதன் முதற் சீட்டிலும் அந்த இலக்கம் ஒன்றாயிருத்தல் வேண்டும். அடுக்குமாடி வீடுகளிலே அயலவரின் மானி நம் பெயரிற் பதிந்திருப்பதும் உண்டு. சீட்டிலுள்ள தொடரிலக்கத்தை மானியோடு ஒத்துப் பார்த்தால் அது வெளிப்படும். தாமாகவே இலக்கத்தை அனுப்பும் நவீன மானிகளிற் சில, நிறுவனம் மாறியதும் அனுப்புவதை நிறுத்திவிடுவதுண்டு. யூனிற் விலை குறைந்திருக்க, நிலைக்கட்டணம் கூடியிருப்பதும் உண்டு.

நிறுவனத்தின் தவறாற் கணக்கில் எழுதப்படாமல் விடுபட்ட பழைய பாவனைக்கு, பன்னிரண்டு மாதத்துக்கு முற்பட்டதை வீட்டுக்காரரிடம் பின்னர் கேட்டல் ஆகாது என்பது 2018 முதல் அங்கே விதியாயுள்ளது.

இனி, கதையின் முடிவைச் சொல்லவேண்டும். கணக்கு விளங்கிய அன்றிரவே, திருத்திய சீட்டு வருமுன்பே, தம்பி கருவியை மீண்டும் இயக்கினான். பின் தானே மேல்மாடிக்கு ஏறிச் சென்றான். அறுபத்தெட்டு வயதில் அந்தப் படிகளை ஏறுவது அவனுக்குச் சுலபமன்று. “பிள்ளை, நான் யோசியாமற் சொல்லிப்போட்டன். மனதிலை வையாதையும்” என்றான். அவள் கட்டி வைத்திருந்த பெட்டியை மீண்டும் அவிழ்த்தாள். அன்று மச்சாள் புதிதாகச் சோறு சமைத்து, நால்வரும் ஒன்றாய் இருந்து உண்டோம்.

அச்சடித்து வந்துவிட்டது என்பதால் ஒரு கணக்குச் சரியாகிவிடாது. அதைச் சரிபார்க்கப் பள்ளியிற் கற்ற பெருக்கலும் வகுத்தலும் போதும். செலவு கூடிவிட்டது என்று வீட்டிலுள்ளவரை நோகும் முன், மானியை ஒருமுறை போய்ப் பார்ப்போமாக. பிழையாய் வாங்கிய பணத்தைத் திருப்பிப் பெறலாம்; பிழையாய்ச் சொன்ன சொல்லை அவ்வாறு திருப்பிப் பெறுதல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.