'பாடல்கள்' பொத்தானுக்குப் பின்னால் ஒரு குட்டிக் கணினி

2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் தமிழ்ப் படங்களை விசிடியாக 28 ரூபாய்க்கும் டிவிடியாக 34 ரூபாய்க்கும் கடைகளில் அடுக்கியது. சென்னை பர்மா பஜாரின் திருட்டு வட்டோடு நேருக்கு நேர் மோதிய விலை அது. அப்போது வாங்கிய வட்டுகள் பல வீட்டு அலமாரிகளில் இன்னும் தூங்குகின்றன. ஓட்டிப் பார்க்கத்தான் வழி குறைந்துவிட்டது. புது மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் வட்டு போடும் தட்டே கிடையாது. 2012-இல் வந்த விண்டோஸ் 8, டிவிடி ஓட்டும் வசதியைக் கூடவே தருவதை நிறுத்திவிட்டது. ஆகவே தனியாக ஒரு யூஎஸ்பி டிரைவை வாங்கிச் செருகுபவர்கள் பெரும்பாலும் தேடிப் போவது விஎல்சி போன்ற கட்டற்ற மென்பொருளை.

படம் ஓடிவிடும். மெனுதான் தகராறு செய்யும்.

தமிழ்ப் பட டிவிடியில் 'பாடல்கள்' என்ற பொத்தான் அநேகமாக இருக்கும். அழுத்தினால் நேரே பாட்டுக்குத் தாவலாம். பார்ப்பதற்குப் படத்தின் மேல் எழுதிய எழுத்து போலத் தெரியும் அது, உண்மையில் ஒரு நிரல். அடியில் ஓடுவது சாதாரண வீடியோ. அதன் மேல் நான்கே நிறங்கள் கொண்ட மெல்லிய படலம் ஒன்று விரிகிறது. ஒரு திரையில் 36 பொத்தான்கள் வரை வைக்கலாம். மேல், கீழ், இடம், வலம் என எந்த அம்புக்குறியை அழுத்தினால் எந்தப் பொத்தானுக்குப் போக வேண்டும் என்ற குறிப்பும், 8 பைட்டில் ஒரு கட்டளையும் ஒவ்வொரு பொத்தானுக்கும் உண்டு.

இந்தக் கட்டளைகளை நிறைவேற்ற, பிளேயருக்குள் ஒரு கற்பனைக் கணினி இயங்க வேண்டும். வட்டு தன் கணக்குகளை எழுதி வைத்துக்கொள்ள 16 நினைவுப் பெட்டிகள், பிளேயரின் நிலையைச் சொல்ல இன்னும் 24. பார்ப்பவர் எந்த மொழி ஒலியை விரும்புகிறார் என்பதும் அவற்றில் ஒன்றில்தான் இருக்கிறது. தமிழுக்கான ஈரெழுத்துக் குறியீட்டை எண்ணாக மாற்றினால் 29793 வரும். வட்டுக்குத் தமிழ் என்றால் அந்த எண்தான்.

டிவிடியின் விதிமுறை நூல் அப்போது கடையில் கிடைக்கவில்லை. காசு கட்டி, ரகசியம் காப்பதாகக் கையெழுத்தும் போட்டால்தான் கிடைத்தது. கட்டற்ற மென்பொருள்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள்: வட்டில் உள்ள கோப்புகளைப் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்துப் பொருள் கண்டுபிடித்தார்கள். மெனுவை ஓட்டிக் காட்டிய முதல் கட்டற்ற பிளேயர் ஓகிள். ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழக மாணவர்களின் உழைப்பு அது. அதிலிருந்து கிளைத்த லிப்டிவிடிநேவ் என்ற நிரல் நூலகத்தை இன்று விஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பே பராமரிக்கிறது.

நிரல் கிடைத்தும் சிக்கல் தீரவில்லை. பிளேயர், திரையில் தெரிவதைவிடச் சில நொடிகள் முன்னதாகவே வட்டைப் படித்துச் சேமித்துக்கொள்ளும். கற்பனைக் கணினி அடுத்த திரைக்குத் தாவியிருக்கும். பார்ப்பவர் கண்ணில் இன்னும் பழைய மெனு. அந்த நேரத்தில் பொத்தானை அழுத்தினால் கட்டளை வேறெங்கோ போய் விழும். இதற்காகவே லிப்டிவிடிநேவ் இடையிடையே 'பொறு' என்று ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. சேமித்த காட்சி முழுதும் திரைக்கு வந்து தீரும்வரை பிளேயர் நிற்க வேண்டும். அசையாத ஒற்றைப் படமாக இருக்கும் மெனுவில் இன்னொரு வம்பு: அடுத்த படம் வந்தால்தான் முந்தையதை வெளியே விடுவேன் என்று வீடியோவை விரிக்கும் பகுதி பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த படமோ வரப்போவதே இல்லை. அதைக் கட்டாயப்படுத்தித் தள்ளிவிடாவிட்டால் மெனு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் திரைதான்.

நகல் எடுப்பதைத் தடுக்க வேண்டுமென்றே கெட்ட பகுதிகளைப் பதித்த வட்டுகளும் உண்டு. வரிசையாகப் படிக்கும் மென்பொருள் அதில் மாட்டிக்கொள்ளும். மெனு காட்டும் பாதையில் மட்டும் போகும் பிளேயர் அந்தப் பள்ளத்தை மிதிப்பதேயில்லை.

ப்ளூரேயில் வேலை இன்னும் கனம். அதன் மெனு ஜாவா மொழியில் எழுதிய முழு நிரலாகவே இருக்கலாம். விஎல்சியின் 3.0 பதிப்பு 2018 பிப்ரவரியில் அதற்கு ஆதரவு தந்தது; ஆனால் கணினியில் ஜாவாவும் நிறுவியிருக்க வேண்டும்.

பழைய டிவிடி ஒன்றின் மெனு தவறான இடத்துக்குத் தாவினால், அதைத் திருத்த நிரலாளருக்கு முழுப் படம் தேவையில்லை. கட்டளைகள் அடங்கிய சிறு கோப்புகளும் மெனுவின் வீடியோவும் இருந்தால் அநேகமாகப் போதும். வட்டில் நாயகனும் பாட்டும் சண்டையும் பிடித்துக்கொள்ளும் ஜிகாபைட் கணக்கான இடத்தை அவர் திறந்தே பார்ப்பதில்லை.