கெட் அவுட்... ஆனா யாருக்காக?

பாஸ், இன்டர்ன்ஷிப்ல உங்களுக்கு என்ன வேலை கொடுப்பாங்க? ஜெராக்ஸ், டேட்டா என்ட்ரி... மிஞ்சிப்போனா டீ வாங்கிட்டு வரச் சொல்வாங்க. அமெரிக்காவுல இல்லினாய் பல்கலைக்கழக மாணவர் ஒருத்தருக்குக் கிடைச்சது, பேஸ்பால் ஸ்டேடியத்துல பாட்டு போடும் வேலை. 2012 ஆகஸ்ட்ல ஒருநாள், அந்த வேலையில இருந்தவரைப் பார்த்து அம்பயர் கைநீட்டி 'கெட் அவுட்' சொல்லிட்டார்!

ஃப்ளோரிடாவில் டேட்டோனா கப்ஸ் டீம் ஆடிய மேட்ச் அது. அம்பயர் தீர்ப்பு சொந்த டீமுக்கு எதிராகப் போக, நம்ம ஆள் ஸ்பீக்கரில் தட்டிவிட்ட பாட்டு, 'த்ரீ பிளைண்ட் மைஸ்'. மூணு குருட்டு எலிகளைப் பத்தின குழந்தைகள் பாட்டுதான். ஆனா, 'உமக்குக் கண்ணு தெரியலையா?'ங்கிறதுதான் உள்குத்து. அம்பயருக்குப் புரிஞ்சுபோச்சு!

அவர் முதல் ஆளும் இல்லை. 1985-லயே அதே ஃப்ளோரிடாவின் கிளியர்வாட்டரில், வில்பர் ஸ்நாப் என்ற ஆர்கன் கலைஞர் இதே பாட்டை வாசிச்சு வெளியே போனார். அப்புறம் ஆட்டோகிராஃப் கேட்டவங்களுக்கு, பாட்டு பேரையும் சேர்த்தே கையெழுத்து போட்டுக் கொடுத்தாராம். கெத்து!

'ஆடாத ஆளை எப்படிங்க வெளியே அனுப்ப முடியும்?'னு கேட்கிறீங்களா? முடியும். மேனேஜர், கோச் மட்டுமில்லை... கிரவுண்ட் ஊழியர், போட்டோகிராபர், ரசிகர் வரைக்கும் மைதானத்தை விட்டு அனுப்ப பேஸ்பால் விதி அம்பயருக்கு அதிகாரம் கொடுக்குது.

அதிகாரம் இருந்தா தப்பும் நடக்கும்தானே? 2024 ஏப்ரல்ல நியூயார்க் யாங்கீஸ் மேனேஜர் ஆரோன் பூன் அப்படித்தான் மாட்டினார். மேட்ச் தொடங்கி அஞ்சே பந்துதான் ஆகியிருந்தது. முதலில் ஒரு எச்சரிக்கை வாங்கினவர், அப்புறம் வாயை மூடிக்கிட்டு நின்னார். பின்னாடி உட்கார்ந்திருந்த ரசிகர் ஒருத்தர் கத்த, போனது பூன்! 'நான் பேசவே இல்லை'னு கதறியும் அம்பயர் கேட்கலை. கடைசி பெஞ்ச்ல யாரோ விசிலடிக்க, கிளாஸைவிட்டு நீங்க வெளியே போன கதைதான்.

இதுவரைக்கும் நான் இன்டர்ன் கட்சி. நானும் இன்டர்ன்தானே! ஆனா, பாபி காக்ஸைப் பத்திப் படிச்சதும் கட்சி மாறிட்டேன்.

அட்லாண்டா பிரேவ்ஸ் டீமை ரொம்ப வருஷம் நடத்திய மேனேஜர் அவர். 2010-ல் ஓய்வு பெறும்போது, பிளே-ஆஃபையும் சேர்த்து 162 முறை வெளியேற்றப்பட்டிருந்தார். ஒரு டீம் ஒரு சீசனில் ஆடும் லீக் மேட்ச் எத்தனை தெரியுமா? அதே 162! முழுசா ஒரு சீசனுக்குச் சமமா 'கெட் அவுட்' வாங்கின மனுஷன்.

வெறும் கோபக்காரரா? அதுதான் இல்லை. பேஸ்பாலில் வெளியே போன பிளேயர் அந்த மேட்ச்ல திரும்ப ஆட முடியாது. அதனால, பிளேயர் ஒருத்தர் அம்பயர்கிட்ட எகிறும்போது, மேனேஜர் ஓடிவந்து நடுவுல நிப்பார். பிளேயரைப் பின்னால தள்ளிட்டு, சண்டையைத் தன் மேல வாங்கிக்குவார். அவர் வெளியே போனாலும் டீம் முழுசா உள்ளே இருக்கும். காக்ஸ் அதுல கில்லாடி.

2026 சீசனில் இருந்து 'பால்', 'ஸ்ட்ரைக்' தீர்ப்பை எதிர்த்து மெஷின்கிட்ட அப்பீல் போகலாம். பிட்சர், கேட்சர், பேட்டர் இவங்கள்ல ஒருத்தர் தலையைத் தட்டினா போதும். மேனேஜருக்கு அந்த உரிமை கிடையாது. தப்பை மெஷின் திருத்தட்டும், நல்லதுதான். ஆனா, கோபத்துல நிக்கிற பையனை மெஷின் வந்து பின்னால இழுக்குமா?

சவுண்ட் பாக்ஸ் பின்னால இருந்து நக்கலடிச்சு வெளியே போறது ஒரு ரகம். இன்னொருத்தன் போகக் கூடாதுன்னு முன்னால வந்து நின்னு வெளியே போறது இன்னொரு ரகம். அடுத்த தடவை உங்க ஃப்ரெண்ட் யார்கிட்டயாவது எகிறும்போது யோசிங்க மக்களே... நீங்க பாட்டு போடுற ஆளா, நடுவுல வந்து நிக்கிற ஆளா?