மோதாமல் நுழையும் பிழை

மென்பொருள் கட்டுவோர் நிரல் எழுதும் முன் படம் வரைவதுண்டு. எந்தப் பகுதி எதைச் சார்ந்தது, எது எதன் வகை என்பதைப் பெட்டிகளும் அம்புகளுமாகக் காட்டும் அந்தப் படம்தான் மாதிரி. இதற்கான பொதுமொழியான யூஎம்எல் 1997இல் தரநிலையானது. பெரிய திட்டங்களில் ஒரே மாதிரியைப் பலர் ஒரே சமயத்தில் திருத்துவார்கள். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டும். அதுதான் மெர்ஜ்.

நிரலில் இந்த வேலையைக் கிட் போன்ற கருவிகள் பார்த்துக்கொள்கின்றன. இருவர் பிரிந்து போகும் முன் இருந்த மூலப் பிரதியோடு இருவரின் பிரதிகளையும் வரிவரியாக ஒப்பிடும். ஒருவர் மட்டும் மாற்றியதை ஏற்கும். ஒரே இடத்தில் இருவரும் வெவ்வேறாகக் கைவைத்திருந்தால் நின்று நம்மைக் கேட்கும். மாதிரிக்கு இது போதாது. கோப்பில் அது வரிகளாகக் கிடந்தாலும், அதன் உயிர் இணைப்புகளில்தான் இருக்கிறது. ஆகவே இஎம்எஃப் கம்பேர் போன்ற கருவிகள் வரியை விட்டுவிட்டு உறுப்புக்கு உறுப்பு ஒப்பிடுகின்றன.

அப்போதும் ஆபத்து தீர்வதில்லை. ஒரு நூலக மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 'நூல்' என்பது 'ஆவணம்' என்பதன் ஒரு வகை என்று ஒருவர் நூலிலிருந்து அம்பு போடுகிறார். ஆவணங்களையும் நூல்போலவே இரவல் தரலாமே என்று எண்ணிய இன்னொருவர், ஆவணத்தை நூலின் வகையாக்குகிறார். இருவரும் தொட்டவை வெவ்வேறு பெட்டிகள். கருவிக்கு மோதலே தெரியாது, இரண்டையும் ஏற்கிறது. இப்போது நூல் ஆவணத்தின் வகை, ஆவணம் நூலின் வகை! தனித்தனியே சரியாக இருந்த இரண்டு படங்கள் சேர்ந்து, அர்த்தமே இல்லாத ஒரு சுழலாகிவிட்டன. இதேபோல, ஒருவர் 'அபராதம்' பெட்டியை நீக்கியிருக்க, மற்றவர் 'ரசீது' பெட்டியிலிருந்து அதற்குப் புதிய அம்பு வரைந்திருந்தால், கருவி அதைக் கவனிக்காதபோது அம்பு அந்தரத்தில் தொங்கும்.

இப்படிப்பட்ட பிழைகளைப் பிடிக்க நல்ல வழி, சேர்த்த பிறகு முழு மாதிரியையும் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. வகை உறவில் சுழல் கூடாது என்பது யூஎம்எல்லின் சொந்த விதி. நம் திட்டத்துக்கே உரிய விதிகளை ஓசிஎல் மொழியில் எழுதி வைக்கலாம். ஆனால் சுழலில் எந்த அம்பை வெட்டுவது? அதைக் கருவி சொல்லாது. வரைந்த இருவரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

குழுவாக மாதிரி வரைபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'மோதல் எதுவும் இல்லை' என்று திரையில் வந்ததும் சேமித்துவிடாதீர்கள், சரிபார்ப்பை ஒருமுறை ஓட்டுங்கள்.