அலங்காரம் அல்ல, உறை!

டெக்கரேட்டர் என்றதும் மாப்பிள்ளை அழைப்புக் காருக்குப் பூ சுற்றுகிறவர்தான் நமக்கு ஞாபகம் வருவார். கம்ப்யூட்டர் நிரல் எழுதும் நம் பிள்ளைகள் வாயிலும் இதே சொல் அடிபடுகிறது. ஆனால் அது வேறு சமாசாரம். பூ சுற்றினால் கார் ஓடுகிற விதம் மாறாது, இங்கே மாறும். என்னைக் கேட்டால் 'உறை' என்றே பெயர் வைத்திருக்கலாம்.

பைத்தான் என்னும் நிரல் மொழியில் ஒரு வேலையைச் செய்யும் கட்டளைத் தொகுப்புக்கு ஃபங்ஷன் என்று பெயர், தமிழில் செயற்கூறு. நூறு செயற்கூறுகள் உள்ள நிரலில் ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்க வேண்டுமா? நூறிலும் கைவைத்துப் புது வரிகள் சேர்ப்பது ஒரு வழி. நேரம் குறிக்கும் உறையை ஒரே தடவை எழுதி, ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் @ குறியோடு அதன் பெயரைப் போடுவது இன்னொரு வழி. உள்ளே இருப்பதைத் தொடவே வேண்டாம்.

இப்படி உறை போடுவது முன்பும் முடிந்ததுதான். ஆனால் அந்தச் செய்தி செயற்கூறு முழுவதும் முடிந்த பிறகு, கீழேதான் வரும். படிப்பவர் கண்ணில் படாது. 2004 நவம்பரில் வந்த 2.4 பதிப்பில்தான் @ தலைக்கு மேல் ஏறியது. எந்தக் குறி போடுவது என்று அதற்குமுன் பெரிய பட்டிமன்றமே நடந்தது!

ஒரு கணக்கு. 30 படிகள், ஒரு தடவைக்கு ஒரு படியோ இரண்டு படியோ ஏறலாம். எத்தனை விதமாக ஏறலாம்? 29 படிக்கான விடையையும் 28 படிக்கான விடையையும் கூட்டினால் போதும். இதை அப்படியே எழுதினால் செயற்கூறு தன்னைத் தானே கூப்பிட்டு, ஒரே சின்னக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு, மொத்தம் 26,92,537 அழைப்புகளில் போய் நிற்கும். போட்ட விடையை நினைவில் வைக்கும் 'எல்ஆர்யூ கேச்' என்ற உறை, 2011-இல் வந்த 3.2 பதிப்பு முதல் பைத்தானோடே வருகிறது. அதை மேலே ஒரு வரி போட்டால், உள்ளே கணக்குப் போடுவது 31 தடவைதான். விடை அதே 13,46,269.

உறைக்கு மேல் உறையும் போடலாம். ஆபத்தும் அங்கேதான். மருத்துவமனை நிரல் ஒன்று நோயாளி எண்ணை வாங்கிப் பரிசோதனை முடிவைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்பவருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கக் காவல் உறை. விடையை நினைவில் வைக்க நினைவு உறை. நினைவு வெளியிலும் காவல் உள்ளேயும் அமைந்துவிட்டால்? முதலில் டாக்டர் கேட்கிறார். காவல் சரிபார்த்து விடுகிறது. அடுத்து யாரோ ஒருவர் அதே எண்ணைத் தருகிறார். நினைவு உறை காவலைக் கேட்காமலே பழைய விடையை நீட்டிவிடும். எச்சரிக்கை ஏதும் வராது. எல்லாம் ஒழுங்காக ஓடுவதுபோலவே இருக்கும். @ வரிகளில் மேலே இருப்பதுதான் வெளி உறை. எனவே காவல் மேலே, நினைவு கீழே.

இன்னொன்று: உறை போட்டதும் செயற்கூறின் சொந்தப் பெயர் மறைந்து, உறைக்குள் இருப்பதன் பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிழை தேடும்போது பட்டியலில் எல்லாம் ஒரே பெயராகத் தெரியும். உறையை எழுதும்போதே 'ரேப்ஸ்' என்னும் டெக்கரேட்டரை உள்ளே சேர்த்தால் பெயர் தங்கும்.