சனசமூக நிலையத்தில் எமது பிள்ளைகள்

காணி துப்புரவாக்கவும் கூலி வேலைக்குமெனப் பெற்றோர் விடியமுன் புறப்பட்டுவிடுகின்றனர். பாடசாலை விட்டதும் பிள்ளைகள் கூடுமிடம் சனசமூக நிலையம். கரம், கிளித்தட்டு, மாலை வகுப்பு என அங்கே பொழுது போகின்றது. சொந்த ஊரில் ஒரு பிள்ளையைக் கண்டால் அது எவர் வீட்டுப் பிள்ளை என்பது ஒழுங்கையில் நிற்கும் அனைவருக்கும் தெரியும். பல ஊரவர் கலந்து வாழும் குடியிருப்பில் அக்கண்காணிப்புத் தானாக அமைவதில்லை. நாம்தான் அதனை ஏற்படுத்த வேண்டும்.

'தெரியாதவரோடு போகாதே' என்று பிள்ளைகளுக்குச் சொல்கின்றோம். ஆனால் பிள்ளைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்துவோர் பெரும்பாலும் தெரிந்தவர்களே. இனிப்பு, கைத்தொலைபேசியில் விளையாட்டு, தனியே பாடம் சொல்லிக் கொடுத்தல் என்று தொடங்கி, 'வீட்டில் சொல்லாதே' என்ற இரகசியத்தில் கொண்டுவந்து விடுவர். பெற்றோருக்கும் சிறு உதவிகள் செய்வர். கடமைப்பட்ட குடும்பம் வாய் திறக்கத் தயங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆண் பிள்ளைகளுக்கு இவ்வாபத்து இல்லை என எண்ணுவதும் தவறு.

எனவே ஒழுங்குகள் ஆள் பார்த்து வகுக்கப்படலாகாது. குருவானவராயினும் ஆசிரியராயினும் அலுவலராயினும் விலக்கில்லை. நிலையத்தின் திறப்பு ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது. பிள்ளைகள் உள்ள வேளையில் பொறுப்பான பெரியவர்கள் இருவர் இருக்கட்டும். வகுப்பறைக் கதவும் யன்னலும் திறந்திருக்கட்டும். தொண்டராக வருபவர் முன்னர் எங்கு பணியாற்றினார் என விசாரிப்பது அவமதிப்பு அல்ல. மலசலகூடம் தூரமாயின் சிறுவர் இருவராகப் போகலாம். வளவில் கட்டில்லாத கிணறு இருந்தால் இன்றே அடைத்துவிடுங்கள். அதற்குக் கூட்டம் கூட்டத் தேவையில்லை.

பிள்ளை வந்து ஏதும் சொன்னால் ஏசாமல், இடைமறிக்காமல் கேளுங்கள். சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதி வையுங்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் துருவித் துருவிக் கேட்பது பிள்ளையை மேலும் வதைக்கும். பின்னர் சாட்சியத்தையும் குழப்பும். சிறுவரின் ஆரம்ப வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றில் முன்வைக்க 1999ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கின்றது. அணிந்திருந்த உடையைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள். சட்ட வைத்திய அதிகாரிக்கு அது தேவைப்படலாம்.

பல இடங்களில் காரியம் கெடுவது இதன் பின்னர்தான். 'மானம் போய்விடும்' என்று ஊர்ப் பெரியவர்கள் கூடி, பணம் கொடுத்து இணக்கம் பேசி முடிப்பர். இது வரம்புத் தகராறு அல்ல, குற்றம். சிறுவருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான தண்டனைகள் 1995இல் கடுமையாக்கப்பட்டன. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை, 18 வயதிற்குக் குறைந்த எல்லோருக்கும் உரியது. அதன் 1929 இலக்கத்திற்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவிலும், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் முறையிடலாம்.

அந்த 1929ஐ நிலையத்தின் சுவரில், சிறுவரின் கண்மட்டத்தில், பெரிய எழுத்தில் எழுதி வைப்போம்.