விற்றவர்கள் போனார்கள், பழுது பார்ப்பவர்கள் பறக்கிறார்கள்

"அவன் சரியான எம்டன்" என்று நமது கடைத்தெருக்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எவருக்கும் பிடிகொடுக்காத, துணிச்சலும் தந்திரமும் மிக்க ஆளுக்கு நம்மவர்கள் வைத்த பட்டம் அது. முதலாம் உலக யுத்தத்தின் போது, 1914 செப்டெம்பர் 22 ஆம் திகதி இரவு, சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைப் பீரங்கியால் தாக்கித் தீக்கிரையாக்கிவிட்டு, அடுத்த சில நாட்களில் நமது காலி, கொழும்புக் கடற்பரப்பிலும் வர்த்தகக் கப்பல்களை மூழ்கடித்த ஜேர்மன் யுத்தக் கப்பலின் பெயரே எம்டன். அந்தக் கப்பலுக்குப் பெயர் தந்தது ஓர் ஊர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நான் இந்த வாரம் எழுத எடுத்துக்கொண்டது அந்த ஊரின் சின்னஞ்சிறு விமான நிலையத்தைப் பற்றி.

ஜேர்மனியின் வடமேற்கு மூலையில், எம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது எம்டன். சுமார் 50,000 பேர் வாழும் ஊர். 1964 முதல் வோக்ஸ்வாகன் கார்த் தொழிற்சாலை அங்கு இயங்குகிறது. கார்களைக் கப்பலேற்றுவதில் ஐரோப்பாவின் பெரிய துறைமுகங்களில் அதுவும் ஒன்று. தேயிலை வியாபாரிகள் கவனிக்க ஒரு செய்தி: அந்தப் பிரதேசமான கிழக்கு பிறீஸியாவில் ஓர் ஆள் வருடத்துக்குச் சராசரியாக 300 லீற்றர் தேநீர் குடிக்கிறார். உலகில் அந்த அளவுக்குக் குடிப்பவர்கள் வேறில்லை என்றே சொல்லப்படுகிறது. ஆனால் அவர்களின் கலவையில் பெரும்பங்கு அசாம் தேயிலைக்கே. அது நமக்கு வேறொரு நாள் பேச வேண்டிய விடயம்.

விமான நிலையத்தின் ஓடுபாதை 1,300 மீற்றர்தான். கட்டுநாயக்காவில் இருப்பது 3,350 மீற்றர் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் அளவு விளங்கும். பெரிய ஜெட் விமானங்களுக்கு அங்கு வேலையில்லை. எதிரே கடலில் இருக்கும் போர்க்கும் தீவுக்கு, ஒன்பது பத்துப் பேர் ஏறக்கூடிய ஐலண்டர் ரக விமானங்கள் போய் வருகின்றன. இந்த நிலையத்தில் 1958 இல் பிறந்த ஓ.எல்.ரீ. என்ற விமானக் கம்பனி, பெரிய நகரங்களுக்கெல்லாம் பறக்கப் பார்த்து, கைமாறி, கடைசியில் 2013 ஜனவரியில் வங்குரோத்து அடைந்தது. தீவுப் பயணத்தை இப்போது ஓ.எப்.டி. என்ற சிறிய கம்பனி நடத்துகிறது. பயணிகளின் தலையை மட்டும் எண்ணிக் கணக்குப் பார்த்தால் இப்படியான ஒரு நிலையத்தில் முதல் போட எந்த வியாபாரியும் யோசிப்பார்.

ஆனால் இங்கே தலையை எண்ணுவதில் பயனில்லை. காலையில் ஹெலிகொப்டர்கள் கிளம்புவதைத்தான் எண்ண வேண்டும்.

கடலில் நட்ட காற்றாலைகள்

போர்க்கும் தீவுக்கு வடக்கே 45 கிலோமீற்றர் தொலைவில், 30 மீற்றர் ஆழமுள்ள கடலில், 2010 இல் ஜேர்மனியின் முதலாவது ஆழ்கடல் காற்றாலைப் பண்ணை திறக்கப்பட்டது. 'அல்பா வென்டுஸ்' என்பது அதன் பெயர். 5 மெகாவோற் சக்தியுள்ள 12 காற்றாலைகள். இன்று ஜேர்மனியின் இரு கடல்களிலும் 1,600 க்கும் மேற்பட்ட காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு 9,000 மெகாவோற்றைத் தாண்டிவிட்டது.

இந்த அலை அடித்த போது எம்டன்காரர்கள் பெருங்கனவு கண்டார்கள். பார்ட் என்ற கம்பனி அங்கேயே தொழிற்சாலை கட்டி, சொந்தமாகவே 5 மெகாவோற் காற்றாலைகளைச் செய்து, எம்டனிலிருந்து 130 கிலோமீற்றருக்கு அப்பால் 80 காற்றாலைகளைக் கடலில் நட்டது. வேலை இழுபட்டது, செலவு எகிறியது, 2013 இல் ஒருவாறு முடிந்தது. பண்ணை முடிந்ததோடு கம்பனியும் முடிந்தது. அடுத்த ஓடருக்கு ஆளில்லை. 1903 இல் தொடங்கிய நோர்ட்ஸீவேர்க்க கப்பல் கட்டும் தளத்தின் பெரும்பகுதியை 2010 இல் வேறொரு கம்பனி வாங்கி, கப்பலை விட்டுவிட்டுக் காற்றாலைக்கு அத்திவாரக் கால்கள் செய்யப் புறப்பட்டது. இரண்டே வருடத்தில், 2012 இல், அதுவும் வங்குரோத்து.

ஆனால் பார்ட் நட்ட 80 காற்றாலைகளும் கடலிலேயே நிற்கின்றன. வேறு முதலாளிகளின் கையில் மின்சாரம் தந்து கொண்டிருக்கின்றன. சுழலும் இயந்திரம் என்றால் எண்ணெய் மாற்ற வேண்டும், சென்சர் பழுதாகும், கணினி அட்டை எரியும். ஒரு காற்றாலையின் ஆயுள் 20, 25 வருடம். செய்து விற்பவனுக்கு ஒரு நாள் வியாபாரம். பழுது பார்ப்பவனுக்கு 25 வருட வியாபாரம். எம்டன் விமான நிலையம் தனது பந்தயத்தை வைத்திருப்பது இந்த இரண்டாவது ஆளின் மேல். காற்றாலைப் பறப்புகளையே தொழிலாகக் கொண்ட ஹெலிசேர்விஸ் இன்டர்நெஷனல் என்ற கம்பனியின் தலைமையகம் அந்த விமான நிலையத்தில்தான் இருக்கிறது.

இதைப் பற்றி ஜெனரேட்டர் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரிடம் பேசிக் கொண்டிருந்தேன். "நானா, கடலுக்கு நடுவுல மெஷின வெச்சா, பழுதாகினா யாரு பெய்த்து பாக்கிய?" என்று கேட்டார். சரியான கேள்வி. ஜெனரேட்டர் விற்றதில் அவருக்குக் கிடைத்ததை விட, விற்றதைக் கவனிக்கும் சேர்விஸ் ஒப்பந்தங்களில்தான் அவரது கடை ஓடுகிறது. நமது மன்னாரில் மின்சார சபையின் 'தம்பபவனி'யில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவோற், தரையில் நிற்கின்றன. வாகனத்தை எடுத்தால் காலடிக்கே போய் இறங்கலாம். கடலில் அது நடக்காது. இலங்கைக் கடலிலும் காற்றாலை நடலாம் என்று உலக வங்கி 2023 இல் ஒரு வழித்திட்டமே வெளியிட்டிருப்பதால், நண்பரின் கேள்வி ஜேர்மனிக்கு மட்டும் உரியதல்ல.

படகா, ஹெலிகொப்டரா?

வழமையாகப் போவது படகில்தான். தொழில்நுட்பவியலாளர்களை ஏற்றிச் செல்லும் வேகப் படகு மூக்கைக் காற்றாலையின் காலோடு முட்டிக் கொண்டு நிற்க, ஆட்கள் ஏணியில் தொற்றி ஏறுவார்கள். அலை ஒன்றரை மீற்றரைத் தாண்டினால் இந்த வேலை ஆபத்து, நிறுத்தி விடுவார்கள். வட கடலில் மாரி காலத்தில் நாட்கணக்கில் அலை தணியாது. தணிந்தாலும், 130 கிலோமீற்றர் போவதற்கு 20 நொட் வேகப் படகுக்கு மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். போய்ச் சேரும் போது பாதிப் பேர் வாந்தி எடுத்துச் சோர்ந்திருப்பார்கள். திரும்பி வரும் நேரத்தையும் கழித்தால் வேலைக்கு என்ன மிஞ்சும்? ஹெலிகொப்டர் அதே தூரத்தை முக்கால் மணித்தியாலத்துக்குள் கடந்து விடும்.

கடலின் அலை எவ்வளவு என்பது ஹெலிகொப்டருக்குப் பெரிய பொருட்டல்ல. காற்றாலையின் தலையில், இயந்திர அறைக்கு மேலே, கைபிடி வேலி அடைத்த ஒரு மேடை இருக்கும். முதலில் காற்றாலையை நிறுத்திச் சிறகைப் பூட்டுவார்கள். ஹெலிகொப்டர் இறங்குவதில்லை. மேடைக்கு மேலே அந்தரத்தில் நின்று, கம்பிக் கயிற்றில் ஆளையும் கருவிப் பையையும் ஒவ்வொன்றாக இறக்கும். காற்றில் சேர்ந்த நிலைமின் ஆளை அடிக்காதபடி கயிற்றின் மின்னை முதலில் மேடையில் இறக்கிவிடுவார்கள். சிறிய ஹெலிகொப்டரில் ஒரு தடவைக்கு மூன்று தொழில்நுட்பவியலாளர்கள் அளவில்தான் போகலாம். ஒவ்வொருவரும் நீர் புகாத பாதுகாப்பு உடை அணிந்திருப்பார். கவிழ்ந்த ஹெலிகொப்டரிலிருந்து தண்ணீருக்குள் தப்பி வரும் பயிற்சியையும் நீச்சல் தடாகத்தில் முடித்திருப்பார்.

செலவு கேட்டால் தலை சுற்றும். பறக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் ஆயிரக்கணக்கான யூரோ. அப்படியிருந்தும் ஏன் எடுக்கிறார்கள் என்பதை ஒரு கடதாசித் துண்டில் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல காற்றில் 5 மெகாவோற் காற்றாலை ஒரு நாளில் 120,000 அலகு மின்சாரம் தரும். 2009 ஆம் ஆண்டின் ஜேர்மன் சட்டப்படி, அந்தக் காலத்துப் பண்ணைகளுக்கு ஆரம்ப 12 வருடங்களுக்குக் கிடைத்த விலை அலகுக்கு 15 யூரோ சதம். அதாவது நாளுக்கு 18,000 யூரோ. சிறிய சென்சர் ஒன்று பழுதாகி, கடல் கொந்தளிப்பில் படகு போக முடியாமல் ஒரு வாரம் நின்றால் 126,000 யூரோ. கடல் கொந்தளிக்கும் நாள்தான் காற்று அடிக்கும் நாள் என்பதை மறக்கக் கூடாது. பெருநாள் வாரத்தில் கடையைப் பூட்டி வைப்பது போன்றது அது.

நிலையத்துக்கு என்ன கிடைக்கிறது?

இறங்கு கட்டணம் ஒரு பங்கு மட்டுமே. ஹெலிகொப்டர் நிறுத்தும் கூடாரத்துக்கு வாடகை வருகிறது. எரிபொருள் விற்பனை இருக்கிறது. நீண்ட நேரம் நிலையத்தைத் திறந்து வைப்பதற்கும் தீயணைப்பு ஆட்களை ஆயத்தமாக வைப்பதற்கும் காரணமும் கிடைக்கிறது. தீவுப் பயணிகள் கோடையில்தான் திரளுவார்கள். காற்றாலை வாடிக்கையாளருக்கு மாரியிலும் அவசரம். இரண்டு வியாபாரமும் ஒன்றின் மந்தத்தை மற்றது நிரப்புகிறது. பாதுகாப்பு உடை கழுவித் தைப்பவர், சாப்பாடு கொடுப்பவர், வாடகை வாகனக்காரர், மாறும் குழுக்களுக்கு அறை கொடுக்கும் சிறு ஹோட்டல்காரர் என்று ஊரின் சிறு வியாபாரிகளுக்கும் அதில் பங்குண்டு.

எனக்கு மிகவும் பிடித்த வருமானம் ஒன்று இருக்கிறது. நடுக்கடலில் தொழிலாளி விழுந்தால் காப்பாற்றும் ஏற்பாட்டைப் பண்ணை நடத்துபவரே செய்ய வேண்டும். அதற்காக மருத்துவ வசதியோடு மீட்பு ஹெலிகொப்டர்களை ஒப்பந்தத்தில் ஆயத்தமாக வைக்கிறார்கள். அது பறந்தாலும் பறக்காவிட்டாலும், காத்திருப்பதற்கே பணம்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். மூடுபனி இறங்கினால் ஹெலிகொப்டரும் கூடாரத்துக்குள்தான். அதை விடப் பெரிய போட்டியாளன் கடலிலேயே வளர்ந்துவிட்டான்: ஆட்கள் இரண்டு வாரம் தங்கி வேலை செய்யும் சேவைக் கப்பல். அலையோடு ஆடாமல் சமநிலையில் நிற்கும் நடைபாலம் அதில் உண்டு. இரண்டரை மீற்றர் அலையிலும் ஆள் நடந்தே காற்றாலைக்குள் போகலாம். தூரத்துப் பெரிய பண்ணைகள் அதையே விரும்புகின்றன. ஹெலிகொப்டருக்கு அப்போது மிஞ்சுவது அவசர வேலையும் ஆள் மாற்றமும்தான்.

அரசாங்கத்தை நம்பிய வியாபாரம் என்பதும் உண்மை. 2025 ஓகஸ்டில் ஜேர்மன் அரசாங்கம் வட கடலில் புதிய இடங்களை ஏலத்துக்கு விட்ட போது கேட்க ஒருவர்கூட வரவில்லை. எம்டன் கம்பனியின் அமெரிக்க சகோதர நிறுவனம் றோட் ஐலண்ட் மாநிலத்தின் குவொன்செட் என்ற இன்னொரு சிறிய விமான நிலையத்தில் தளம் போட்டிருக்கிறது. அந்தக் கரைக்கு எதிரே, 80 வீதம் முடிந்திருந்த 65 காற்றாலைப் பண்ணை ஒன்றை அதே ஓகஸ்டில் வொஷிங்டன் ஒரு கடிதத்தால் நிறுத்தியது. நீதிமன்றம் தலையிட்டு வேலை மீண்டும் தொடங்க ஒரு மாதம் சென்றது.

அல்பா வென்டுஸின் பழைய விலைச் சலுகை தீர்ந்துவிட்டது. அந்த 12 காற்றாலைகளையும் கழற்றி எடுக்கப் போவதாக அதன் உரிமையாளர்கள் 2025 இல் அறிவித்திருக்கிறார்கள். முதலாவதாக வந்த வாடிக்கையாளர் முதலாவதாகப் போகிறார். ஆனாலும் கழற்றுவதற்கும் ஆட்கள் கடலுக்குப் போய் வரத்தான் வேண்டும். அந்த ஒப்பந்தம் கப்பலுக்கா ஹெலிகொப்டருக்கா என்பதுதான் எம்டனில் அடுத்த பேரம்.